முகத்துவாரத்துக்காக என் முதல் பேச்சு

எம்.எல்.ஏ. விடுதி அறை முழுக்கக் காய்ந்த இறால் வாசனை. காலையில் மனுவோடு வந்த நம் ஊர்ப் பெண்கள் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தும் வாசனை போகவில்லை. பழவேற்காடு மார்க்கெட்டில் உன் கூடையும் என் கூடையும் ஒட்டியே இருந்த அத்தனை வருஷமும் நம் இருவர் புடவையிலும் இதே வாசனைதான். இந்த நேரத்தில் உன்னிடம்தான் பேசத் தோன்றுகிறது.

கட்சி என்னை நிறுத்தியபோது எல்லாரையும்விட அதிகமாக ஓட்டுக் கேட்டு நடந்தவள் நீ. கோட்டைக்குப்பம் கூட்டத்தில் என்னை மடக்கியதும் நீதான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இதற்கு மேல் விரிவாக்க விடமாட்டேன் என்று பேசி முடித்தேன். கைத்தட்டல் அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாய்.

"என் மவன் காட்டுப்பள்ளியிலதான் வேல செய்றான். நாளைக்கு அவனுக்கு வேல இல்லன்னா இன்னா பண்றதுன்னு சொல்லிட்டுப் போமே."

கட்சிக்காரர்கள் உன்னை உட்காரச் சொன்னார்கள். நீ உட்காரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியலமே" என்றேன். வண்டியில் ஏறியதும் ஒன்றியச் செயலாளர், இந்தக் குப்பத்து ஓட்டு போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாய். சமாதானம் சொல்ல வரவில்லை. "தெரியலன்னு சொன்ன பாரு, அதுக்கோசரம் நாளைக்கும் கூட வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு சுண்ணாம்புக்குளம் வரைக்கும் எங்கே பேசினாலும் உன் கேள்வியையும் சேர்த்தே பேசினேன். துறைமுகத்துக்காகக் கரையை இனி எடுக்கக் கூடாது. அங்கே வேலையில் இருக்கிற நம் பிள்ளைகளைக் கைவிடவும் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஏரி கடலில் சேருகிற இடத்தில் மணல் மூடிக் கிடக்கிற முகத்துவாரத்தைத் தூர் வாரி, படகு போகிற மாதிரி வைக்க வேண்டும். கைத்தட்டல் குறைந்துதான் போனது. எப்படியோ ஜெயித்தோம்.

நான் பதவியேற்பதைப் பார்க்க நீ இல்லை. அதற்கு முந்தின வாரம் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பொன்னேரி ஆஸ்பத்திரி வரைகூடக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் மனு கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

சபையில் என் முதல் பேச்சில் முகத்துவாரத்தைத்தான் சொன்னேன். படகு மணலில் தட்டிக் கவிழ்வதை, ஏரிக்குள் கடல்தண்ணி வராமல் இறால் குறைந்ததை. உன் பெயர் சொல்லாமல் உன் கேள்வியை, துறைமுக வேலையில் இருப்பவர்களைப் பற்றி ஆரம்பித்தபோது, நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அமைச்சர் எழுந்து, கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்றார். பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர், நன்றி சொல்லிவிட்டு உட்காரம்மா என்று மெதுவாகச் சொன்னார். நன்றி சொன்னேன். அன்று முழுக்க யார் பேசியதும் காதில் விழவில்லை.

ஊருக்குப் போனதும் உன் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். உன் மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் கேட்பதற்கு முன்பே, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் துறைமுகத்துக்குப் போன் போட்டு லீவு சொன்னான்.

"வா அத்த, போட்டுல போய்ப் பாத்துட்டு வரலாம். சபையில சொல்றத நேர்ல பாத்துட்டுச் சொல்லு."

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே படகு மணலில் ஏறி நின்றுவிட்டது. அவன் தண்ணீரில் குதித்தான். முட்டிக்குக் கீழேதான் தண்ணீர். நைனா காலத்தில் இந்த இடத்தில் படகு நின்றதே இல்லை என்றான். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். நகரவில்லை. பின்னால் வந்த படகுக்காரர்களும் இறங்கி வந்தார்கள். எம்.எல்.ஏ. என்று யாரும் ஒதுங்கி நிற்கவில்லை.

"தம் கட்டித் தள்ளு அத்த," என்றான் உன் மகன்.

படகு நகர்ந்தது. வலது தோள் இன்னும் வலிக்கிறது. நாளை மீன்வளத் துறை மானியக் கோரிக்கை மீது பேச என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை உன் மகன் வேலையைத்தான் முதலில் பேசப்போகிறேன், மணி அடிப்பதற்குள்.