ஊக்கு இல்லாத முக்காடு

மைதானத்தில் கோடு போட்ட சுண்ணாம்புத் தூள் இன்னும் என் விரல்களில் மணக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. வீட்டில் ஒரு வேலையும் ஓடாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இன்று பாகூரில் பள்ளிப் பெண்களுக்கான கபடிப் போட்டி. நான்தான் நடுவர். பாதி ஆட்டத்தில், தோற்றுக்கொண்டிருந்த அணியின் கேப்டன் என்னிடம் ஓடி வந்தாள். எதிரணியில் முக்காடு கட்டி ஆடிய பெண்ணைக் காட்டி, "மேடம், அது தலையில இன்னாவோ குத்துது. கழட்டச் சொல்லுங்க" என்றாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதைச் சொன்னவள் நான்.

அப்போது நாம் பத்தாம் வகுப்பு. நீ வில்லியனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு ஆடினாய்; நான் பாகூர் அணியின் கேப்டன். கறுப்பு முக்காட்டைத் தலையோடு ஒட்டக் கட்டிக்கொண்டு நீ ரெய்டு வந்தாலே எங்கள் பெண்கள் பின்வாங்குவார்கள். ஒரு தடவை நான்கு பேராகச் சேர்ந்து உன்னை அமுக்கினோம். என் கன்னம் உன் முக்காட்டின்மேல் அழுந்திக் கிடந்தது. மெத்தென்ற பனியன் துணி, சுற்றிலும் தையல். ஒரு ஊக்குகூட இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எழுந்து பார்த்தால் என் முழங்கையில் ரத்தம். தரையில் உரசியது. அதை நடுவரிடம் நீட்டி, "சார், இவ தலையில இருக்கற ஊக்கு குத்திடுச்சு சார்" என்றேன்.

"ஊக்கே இல்ல சார், நானே தெச்சது. பாருங்க" என்று நீ தலை குனிந்து காட்டினாய். அவர் பார்க்கவில்லை. "கழட்டிட்டு ஆடு, இல்லன்னா வெளிய உக்காரு" என்றார். நீ வெளியே போய் உட்கார்ந்தாய். இரண்டு பாயிண்டில் நாங்கள் ஜெயித்தோம்.

புதுச்சேரியில் கல்லூரி தொடங்கிய முதல் நாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது நீதான். எனக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றியது. நீயோ என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாய்.

"தழும்பு ஆயிடுச்சாடி? தெக்கும்போது ஊசி முனை எதனா ஒடிஞ்சி உள்ளயே மாட்டினு இருந்திருக்கும். நான் சரியா பாக்கல. மன்னிச்சுக்கடி."

"அட, அத வுடுடி" என்றேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான்.

மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. உன் டிபன் பாக்ஸில் பாதி எனக்கு. நான் கல்லூரி அணிக்கு ஆடினேன், நீ ஓரமாக நின்று கத்தினாய். ஆட வா என்று கூப்பிட்டபோது, "அன்னிக்கு ஆடினதே போதும்னுட்டாரு எங்க அத்தா. எனக்கும் பயம்டி, என்னால இன்னொருத்திக்கு அடிபட்டா?" என்றாய். அன்றே சொல்லியிருக்கலாம். உன் கல்யாணத்தில் சொல்லியிருக்கலாம். என் மகளைப் பார்க்க வந்தாயே, அப்போதாவது. ஒவ்வொரு தடவையும் நீ என்னைவிட்டுப் போய்விடுவாயோ என்று விழுங்கினேன். கடைசியில் ஒரு வாரக் காய்ச்சலில் போயேவிட்டாய். துக்கம் கேட்க வந்த என்னிடம் உன் அம்மா, "உன்னப் பத்திதாம்மா பேசினே இருப்பா" என்றார்கள். அவர்கள் கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, முக்காட்டின் ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "ஆடும்மா" என்றேன். ஆட்டம் முடிந்ததும் கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டு, "நெசமா குத்துச்சா?" என்று கேட்டேன். அவள் தலை தாழ்ந்தது. "போயி அவகிட்டயே சொல்லு."

போய்ச் சொன்னாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான் இத்தனை வருஷம் பயந்தது அதற்குத்தான். கேப்டன் அழுதுகொண்டே நின்றாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

என்னிடம் நீ கேட்ட மன்னிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, இறக்கி வைக்கவும் இடமில்லை. உன் தையலில் ஒரு குறையும் இல்லையடி.