ஆளுக்கொரு சிலிண்டர்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், சுகமில்லாமல் படுத்தது நம் கிடங்கு மிஷின்தான், அதுவும் தேறிவிட்டது. நீ நலம் என்று போனில் சொல்கிறாய், மூக்கடைத்த குரலில் சொன்னால் நான் எப்படி நம்புவது, வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. அப்பாவும் சித்தப்பாவும் தனித்தனியாக உன்னைக் கூப்பிட்டு, குளிர்கிடங்கைப் பாகம் பிரிக்க நீ வந்து நடுவில் உட்கார வேண்டும் என்று கேட்டது எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்துவிடாதே, முதலில் இதைப் படி.

சண்டை எதனால் வந்தது என்று இரண்டு பேருமே உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்ல வெட்கம். ஆபீஸ் அறை ஃபேனை மூன்றில் வைப்பதா ஐந்தில் வைப்பதா என்பதில் வந்தது. அன்று நின்ற பேச்சு நின்றதுதான். ஊரார் பழத்தையும் பூவையும் வாடாமல் குளிரவைத்துக் கொடுக்கிறவர்களுக்கு அவரவர் தலைச்சூட்டைத் தணிக்க வழி தெரியவில்லை. கீழே இருக்கிற கம்ப்ரஸர் அண்ணனுக்கு, மொட்டைமாடியில் கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் தம்பிக்கு என்று பிரிக்கிறவரைக்கும் போய்விட்டார்கள். அப்படியானால் நடுவில் போகிற குழாயை யார் வீட்டில் மாட்டுவது என்று உன் சித்தி கேட்டாள்.

காலையில் அப்பா, மத்தியானம் சித்தப்பா என்று முறை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் கிடங்கைப் பார்த்தார்கள். குளிரவைக்கிற கேஸ் ஓடுகிற குழாயில் வட்டமாக ஒரு கண்ணாடி பதித்திருக்குமே, சின்ன வயதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாயே, அதில் குமிழி வந்திருக்கிறது. அப்பா பார்த்து, கேஸ் குறைந்துவிட்டது, தம்பிக்குத் தெரிந்தால் ‘அண்ணன் கவனிக்காம விட்டுட்டாரு’ என்பான் என்று சொந்தக் காசில் ஒரு சிலிண்டர் வாங்கி யாருக்கும் தெரியாமல் ஏற்றிவிட்டார். மத்தியானம் சித்தப்பாவும் அதே கண்ணாடியைப் பார்த்து, அதே கணக்குப் போட்டு, அவரும் ஒரு சிலிண்டர். குமிழி போகவில்லை. மறுநாளும் ஆளுக்குக் கொஞ்சம். ஒரே பானையில் இரண்டு பேர் ஒளிந்து ஒளிந்து உப்புப் போட்ட கதைதான். அப்பா தன் சிலிண்டரைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் துண்டு போர்த்தி வைத்திருந்தார், நான் நாலு நாளாய் அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை மிஷின் ஓடுவதும் தானே நிற்பதுமாய் இருந்து, கடைசியில் ஒரேயடியாய் நின்றுவிட்டது. உள்ளே பூக்காரம்மாவின் ரோஜாப் பெட்டிகள். அந்த அம்மா வந்து நின்று, ‘சாயங்காலத்துக்குள்ள குளிரலேன்னா நான் வேற கிடங்குக்குப் போயிடுவேன், என்னைப் பாத்து மத்தவங்களும் கிளம்புவாங்க, அப்புறம் நீங்க எதைப் பிரிச்சுக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்’ என்று சொல்லிப் போனார்கள். இந்த மிஷின் ஓடினால் ஒருநாள் முழுக்க மௌனமாய் இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

மெக்கானிக் வந்தார், நாம் ஸ்பானர் என்று கூப்பிடுவோமே அவர்தான், இடுப்புப் பிடிப்பாம், மாடி ஏற முடியாதாம், முக்காலியில் உட்கார்ந்தபடியே அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டிப் பார்த்து, ‘யாருங்க இந்த மிஷினுக்கு இப்படி ஊட்டி விட்டது, மூச்சு முட்டிப் போய்க் கிடக்குது’ என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். குமிழி வந்தால் கேஸ் குறைவு என்று மட்டும் இல்லையாம், நம் மிஷினில் வடிகட்டி அடைத்துக்கொண்டதுதான் காரணமாம். வடிகட்டியை மாற்றினார். கூடுதல் கேஸைத் திறந்து காற்றில் விட்டுவிடலாமே என்றார் சித்தப்பா. ‘அப்படியெல்லாம் விடக்கூடாதுங்க, உறிஞ்சி காலி சிலிண்டர்லதான் பிடிக்கணும்’ என்று ஒரு அதட்டல். கொஞ்சம் எடுத்ததும் மிஷின் ஓடியது, மீதியை ஓடும்போதே அளந்து எடுக்க வேண்டும். அப்பா கீழே கேஜ் காட்டுகிற டிகிரியையும் வால்வையும் பார்க்க, சித்தப்பா மாடியில் குழாயின் சூட்டைப் பார்த்துச் சொல்ல, இரண்டுக்கும் ஆறு டிகிரி வித்தியாசம் வரும்போது மூட வேண்டும். அதற்குமேல் எடுத்தால் நிஜமாகவே குறைந்துபோகும்.

போன் எதற்கு இருக்கிறது என்று கேட்பாய், ஒருவர் நம்பரை ஒருவர் தடுத்து வைத்திருக்கிறார்களே. அதனால் நடுப்படியில் நான். ‘அண்ணி, கீழ இருக்கறவருகிட்ட முப்பத்தி நாலுன்னு சொல்லுங்க’ என்று மேலிருந்து வரும். ‘மேல இருக்கறவரு கண்ணாடி போட்டுத்தான் பாத்தாரான்னு கேளு’ என்று கீழிருந்து வரும். ‘நான் போட்டுத்தான் பாக்கறேன், அவரை மொதல்ல ஒழுங்காக் கழிக்கச் சொல்லுங்க.’ நான் ஏறி இறங்கி வசவைச் சேர்ப்பதற்குள் டிகிரி மாறிவிடுகிறது. அப்போதுதான் வேண்டுதல் நினைவுக்கு வந்தது. சாமியிடம் கடன் வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, காரியம் முடியுமுன்பே கட்டிவிட்டால் அவருக்கும் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும் என்று தோன்றியது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

‘அண்ணி, அண்ணி’ என்று ஒரு பக்கம். ‘என்னடி, ஊமையாயிட்டியா’ என்று ஒரு பக்கம். நான் உதட்டில் விரல் வைத்து, சாமி என்பதுபோல் மேலே காட்டினேன், அவ்வளவுதான். கேஸ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பானர், ‘யாராச்சும் வாயைத் திறங்கய்யா, மறுபடியும் கேஸ் ஏத்த என்னால ஆகாது’ என்று கத்தினார். அப்பாவுக்கு முகமெல்லாம் வேர்த்து, கடைசியில் தொண்டை கிழிய, ‘இங்க நாப்பத்தி நாலு, அங்க எவ்வளவுடா?’ என்றார். மாடியிலிருந்து, ‘முப்பத்தெட்டுண்ணே! போதும்ணே, மூடிடு!’ என்று வந்தது. அந்த ‘அண்ணே’யைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, எனக்குக் கண் கலங்கிவிட்டது, மௌனம் என்பதால் அழவும் சத்தமில்லாமல் அழுதேன்.

சாயங்காலத்துக்குள் குளிர்ந்துவிட்டது, பூக்காரம்மா பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுப் போனார்கள். நேற்றுக் காலை மிஷினைப் போட்டதும் கண்ணாடியில் மறுபடி நாலு குமிழி. இரண்டு தலையும் அதன்மேல் முட்டிக்கொண்டு நின்றன. ‘பொறுடா, பாப்போம்’ என்றார் அப்பா. ‘நான் எங்கண்ணே தொட்டேன்’ என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரத்தில் குமிழி தானாக அடங்கியது. பத்திரம் எழுத வரவேண்டியவரைச் சித்தப்பாவே கூப்பிட்டு, ‘இப்ப வேணாங்க, மிஷின்கிட்ட ரெண்டு பேரும் இருக்க வேண்டியிருக்கு’ என்று சொல்லிவிட்டார்.

ஆகவே பஞ்சாயத்துக்கு வராதே, லீவு கிடைக்கும்போது சும்மா வா. நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, காரியம் முடியுமுன்பே நான் வேண்டுதலைக் கட்டிய விஷயம் உன்னோடு இருக்கட்டும். அந்த நேரம் பார்த்து என் வாயை அடைத்தது சாமிதான் என்று இரண்டு பேரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், நானும் அதைச் சாமி கணக்கிலேயே வரவு வைத்துவிட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா