மூன்றும் வேறு வேறு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? வயிற்றில் இருப்பது உதைக்க ஆரம்பித்துவிட்டதா? போனில் பேசலாம் என்றால் உன் அப்பா நகராமல் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நெற்றி, தோள், இடது காது என்று மூன்று இடத்தில் தோல் புற்றுநோய் என்பது உனக்குத் தெரியும். மாத்திரை ஆரம்பித்த பிறகு நெற்றியிலும் தோளிலும் கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது. காது மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஒரே ஆள், ஒரே மருந்து, இதற்கு மட்டும் என்ன வீம்பு என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் மூன்றிலிருந்தும் துளித் துளி சதை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்.

ஒன்றிலிருந்து இன்னொன்று பரவவில்லையாம். ஒவ்வொன்றும் தானாக முளைத்ததாம், ஒவ்வொன்றின் மரபணுவிலும் கோளாறு வேறு வேறாம். காதில் இருப்பதற்கு இந்த மாத்திரை எடுபடாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், பாதிக் காது போய்விடும் என்றார். மூக்குக்கண்ணாடியை எதில் மாட்டுவது என்று கேட்டார் அப்பா. டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அப்பா தலையைக் குனிந்துகொண்டு, என் பெண் உண்டாகியிருக்கிறாள், இது அவளுக்கும் குழந்தைக்கும் வருமா என்று கேட்டார். அன்று நீ போனில் அழுதுகொண்டே என்னிடம் கேட்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை நாளும் வாயே திறக்கவில்லை, பார்.

இந்தக் கோளாறுகள் கட்டிகளில் மட்டும்தான் இருக்கின்றன, ரத்தத்தில் தேடிப் பார்த்தோம், இல்லை என்றார் டாக்டரம்மா. காலமெல்லாம் கூரை மேல் நின்று தகடு போட்டாரே, அந்த வெயிலில் வந்ததாகத்தான் தெரிகிறதாம். பிள்ளைக்குப் போகிற மாதிரி எதுவும் அகப்படவில்லையாம். நம் நிறத்தை வெயில் என்ன செய்யும் என்று தொப்பிகூடப் போடாமல் ஏறிய மனுஷன், அதைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பிவிட்டார். ஆபரேஷனுக்கு அங்கேயே சம்மதம் சொன்னார்.

வருகிற செவ்வாய்க்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு சின்ன நெறிக்கட்டி தட்டுப்படுகிறது. காதில் இருப்பது அங்கே பரவியிருக்கிறதா என்று அதையும் எடுத்துப் பார்க்கிறோம் என்றார் டாக்டரம்மா.

இந்த நிலைமையில் நீ அலைய வேண்டாம், வரவே கூடாது என்று கண்டிப்பாக எழுதச் சொன்னார் அப்பா. எழுதிவிட்டேன். பயணம் செய்யலாமா என்று உன் டாக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பார் கண்ணு.

வயிற்றுப் பிள்ளையோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா