வாங்க என்று சொல்ல ஒரு குரல்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவளின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் நானும் அவரும் சுகம். அண்ணனுக்கு மாற்றல் வந்து நீங்கள் கிளம்பி ஆறு மாதமாகிறது. போனில் கூப்பிட்டால் "அவளுக்கு வேலை ஜாஸ்தி" என்று அண்ணனே பேசி வைத்துவிடுகிறார். இரண்டு கடிதம் போட்டேன், அதற்கும் பதில் இல்லை.

நான் நடத்துகிற நம் பாடகர் குழுவில் இப்போது முப்பது பேர். புதுக் கீபோர்டு வந்திருக்கிறது. போன ஞாயிறு நான்கு குரலில் பிசிறில்லாமல் பாடினோம். நம் சபை ஐயர் என்ன சொன்னார் தெரியுமா? "பாட்டு நல்லா இருந்துச்சும்மா. ஆனா சபையில யாரும் வாயத் திறக்கலையே." அவருக்கு எதிலும் ஒரு குறை.

கோபமா அண்ணி? திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
சின்னவள்


மார்ச் 21

என் செல்ல நாத்தனாருக்கு,

திட்ட எனக்கு நேரம் எங்கே? ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆறு மெஷின், ஒவ்வொன்றும் லாரி மாதிரி உறுமும். பக்கத்தில் நிற்பவளிடம் சோப்புத்தூள் கேட்கவே கத்த வேண்டும். "உன் குரலுக்கு ஏத்த இடம்" என்று உன் அண்ணன் கிண்டல்.

இங்கே சபை கூடுவது ஒரு டயர் கடையின் மாடியில். இருபது பேர் வந்தால் பெரிய கூட்டம். வாத்தியம் எதுவும் கிடையாது. டயர் கடைக்காரர் பாட்டை எடுத்துக் கொடுப்பார், எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். நான் வாயை மட்டும் அசைப்பேன். அங்கே பேராயர் வந்த ஞாயிறு நீ சொன்னதுதான். அங்கே ஒரு வருஷம், இங்கே ஆறு மாதம், ஒன்றரை வருஷப் பழக்கம், இப்போது நன்றாகவே வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நான் வேண்டுமென்றா சொன்னேன்? பேராயர் வருகிற அவசரம், சுருதி சேரவில்லை, "அண்ணி, நீங்க இன்னைக்கு வாயை மட்டும் அசைங்க" என்று வாயில் வந்துவிட்டது. இன்றைக்கு என்றுதானே சொன்னேன்? மற்றவர்கள் சிரித்ததற்கு நான் என்ன செய்வேன்?

இன்னொரு செய்தி. குரல் கம்மிக்கொண்டே போனது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். மூன்று மாதம் பாடவே கூடாதாம், பேச்சும் அவசியத்துக்கு மட்டும்தானாம். என்னைக் கட்டிய உங்கள் தம்பி முகத்தில் இத்தனை நிம்மதியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

சின்னவள்


மே 6

என் சின்னவளுக்கு,

தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி. கோபம் வந்தாலும் எழுதிக் காட்டு, கத்தாதே.

போன ஞாயிறு நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். குழந்தைகள் வார்டில் ஒரு பையன் இரண்டு மாதமாகப் படுத்திருந்தான். அவன் படுக்கை விரிப்பைத் தினம் நான்தான் துவைத்தேன், முகம் பார்த்ததில்லை. குணமாகி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு அவன் அம்மா அவனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்துவிட்டாள். முன்னால் நின்று, "ஆண்டவர் என் பிள்ளைய..." என்றாள். அழுதுகொண்டு நின்றாள்.

டயர் கடைக்காரர் அன்றைக்கு ஊரில் இல்லை. பாட்டை எடுக்க ஆளில்லை. எல்லாரும் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு மனசு பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் வாசலில் நிற்கிறார், உள்ளே இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூட "வாங்க" என்று சொல்லவில்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஆண்டவர் அத்தனை பெரிய காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறார், நாங்கள் ஊமையாக நிற்கிறோம்.

எழுந்து பாடிவிட்டேன். சலவைக்கூடக் குரலில். எந்தச் சுருதி என்று கேட்காதே, அந்த ஆண்டவருக்கே வெளிச்சம். அந்தப் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்ததும் அவன் அம்மா சிரித்தாள். அப்புறம் மாடியே பாடியது. பாட்டு முடிந்தும் நிறுத்த மனசில்லை, முதலிலிருந்து திரும்பப் பாடினோம்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அண்ணன் சொன்னார், "இவ்வளவு நாளா வீட்ல என்னமோ குறையுதுன்னு நெனச்சேன்."

உன் அண்ணி


மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஐயருக்கும் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் போன தடவை எழுதியது பொய். அன்றைக்கு மற்றவர்கள் தாங்களாகச் சிரிக்கவில்லை. முதலில் சிரித்தது நான்தான். என்னைப் பார்த்துத்தான் அவர்கள் சிரித்தார்கள்.

ஏழு வாரமாகக் குழுவில் நிற்காமல் சபையோடு உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து கேட்டால் பாட்டு பிரமாதம். ஆனால் சுற்றிலும் ஒரு உதடு அசையவில்லை. பக்கத்தில் இருந்த தையல்காரம்மாவிடம், "ஏன் பாடல?" என்று எழுதிக் காட்டினேன். "நம்ம குரல் எடுபடாதும்மா. உங்க அண்ணியவே வேணாம்னுட்டீங்க, நாங்க எம்மாத்திரம்?" என்றாள். அண்ணி, ஒரு சபையையே நான் பேசாமல் உட்கார வைத்திருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு வரட்டுமா? வேண்டாமென்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

சின்னவள்


ஜூன் 3

அடி என் சின்னவளே,

வலித்தது. இல்லை என்று சொன்னால் நானும் பொய் சொன்னவளாவேன். நீ சிரித்ததை அன்றைக்கே பார்த்தேன். நீயாக எப்போது சொல்வாய் என்றுதான் காத்திருந்தேன். சொல்லிவிட்டாய், முடிந்தது. இனி அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வரட்டுமா என்று யாரைக் கேட்கிறாய்? சனிக்கிழமையே வந்துவிடு, தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. ஞாயிறு எட்டரைக்கு ஆராதனை. மாடிப்படி குறுகல், பார்த்து ஏற வேண்டும். என் பக்கத்தில்தான் நீ உட்கார வேண்டும், காது வலித்தால் அது உன் பாடு. பாடக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார்? கை இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது. தட்டு.

உன் அண்ணி