வராத சத்தம்

அப்பா,

போனில் சொன்னால் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மூச்சுத் திணறலுக்கு நீங்கள் எடுக்கும் பவுடர் இன்ஹேலர் தானாக மருந்தைத் தள்ளாது. நாம்தான் வேகமாக உறிஞ்ச வேண்டும். அந்த வேகம் போதுமா என்று பார்க்கத்தான் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் அந்த விசில். போதுமென்றால் சத்தம் வரும். சத்தம் வராதவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன்.

போன மாதம் வீட்டில் உங்களிடம் அதைக் கொடுத்தேன். மூன்று முறை உறிஞ்சினீர்கள்.

"எனக்குத்தான் காது கேக்காதே. நீ சொல்லு, சத்தம் வந்துச்சா?"

"தெருவே திரும்பிப் பாத்துச்சுப்பா."

"பாத்தியாடி, என்னைக் கிழவன்னியே!" என்று அம்மாவைச் சீண்டினீர்கள். அம்மா என்னைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் வரவில்லை, அப்பா. ஒருமுறைகூட.

ஒரு மாதமாக மருந்து உங்கள் வாயோடு நின்றுவிடுகிறது. மாடிப்படியில் உங்களுக்கு மூச்சு வாங்குவது வயதால் மட்டும் இல்லை. என்னாலும்தான்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பனி போல வரும் மருந்து ஒன்று இருக்கிறது. சாதாரணமாக மூச்சை இழுத்தாலே உள்ளே போகும். திங்கள் காலை கிளினிக்குக்கு வாருங்கள். என்னோடு பேச வேண்டாம். மருந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்