முட்டுக் கொடுத்த உரல்

12-7-1982, திங்கள்

உரக்கடையில் இவருக்குக் கொடுத்த டைரி. இவர் எழுதப் போவதில்லை. நான்தான் எழுதுகிறேன்.

டிராக்டரின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான். ஏதாவது முட்டுக் கொடுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? "ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல மந்திரிச்ச வண்டி. ஒண்ணும் ஆவாது, போ." வந்த கோபத்தில் கொல்லையில் கிடந்த என் உரலை நானே உருட்டிக்கொண்டு வந்தேன். கவிழ்த்து அச்சுக்குக் கீழே வைக்கச் சொன்னேன். எங்கள் அம்மா வீட்டுச் சீர், யானை ஏறினாலும் அசையாது என்று பீற்றல் வேறு.

வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

14-7, புதன்

கம்பு இடிக்க அடுத்த வீட்டு உரல். "ஒன் ஒரலு எங்கடி?" என்றாள் கொளஞ்சியம்மாள். டிராக்டர் வைத்திருக்கிறது என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும்.

16-7, வெள்ளி

மீன்சுருட்டியில் பாலசுந்தரம் என்பவர் நிலத்தில் ஒரு வாரம் உழவு. இவர் உரலையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டார். "இது இருந்தா எங்க வேணாலும் தைரியமா படுக்கலாம்" என்றார். என் மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒங்க அம்மா கல்லு மட்டும் நல்லதாப் பாத்துக் குடுத்திருக்கா" என்றார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என் பிறந்த வீட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

18-7, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து கொல்லையைப் பெருக்கினேன். உரல் இருந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சிமெண்டுப் பொருக்கு.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அதைக் கையில் எடுத்தேன். அந்த விரிசல்.

கல்யாணமான இரண்டாம் மாதமே பார்த்தேன் – உரலில் ஊற்றிய தண்ணீர் அடியில் கசிந்தது. தெரிந்தால், ஒடஞ்ச கல்லைக் கொடுத்துவிட்டார்கள் என்று அத்தை ஊரெல்லாம் சொல்வார். கொத்தனாரிடம் ஒரு கை சிமெண்டு வாங்கிப் பூசினேன். அப்புறம் மறந்தே போனது. மறந்ததா? அன்றைக்கு உருட்டும்போது என் கையில் தட்டுப்படவே இல்லையா?

சனிக்கிழமை வந்துவிடுவார். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அதுக்குள்ள அவரு அடியில படுக்க மாட்டாருன்னு எவ சொன்னா?

19-7, திங்கள்

ஜெபமாலையை நாலு முறை எடுத்தேன். ஒரு முறைகூட முடிக்கவில்லை. ஆள் அனுப்பலாம். என்னவென்று சொல்லி அனுப்ப?

20-7, செவ்வாய்

விடிந்ததும் அத்தையிடம் சொல்லிவிட்டேன். "ஏழு வருசமா மறைச்சிருக்க. அத வந்த பொறவு பேசிக்கிறேன். இப்ப பஸ்ஸப் புடி, ஓடு" என்றார்.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறினேன். மீன்சுருட்டியில் இறங்கி வயலுக்கு ஓடினேன். டிராக்டருக்கு வெளியே அதே இரண்டு கால்கள். ஜாக்கி தனியாக மண்ணில் கிடந்தது. அத்தனை கனமும் என் உரலின் மேல்.

கத்தினால் பதறி எங்கேயாவது இடித்துக்கொள்வாரோ என்று பயம். கிட்டே போய்க் குனிந்து, மெல்ல, "வெளிய வாங்க" என்றேன்.

"நீ எங்க இங்க? இரு, ஒரு போல்ட்டு இருக்கு."

"ஒரல்ல விரிசல் இருக்குங்க. நாந்தான் சிமெண்டு பூசி மறைச்சேன்."

மல்லாந்தபடியே நகர்ந்து வெளியே வந்தார். வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, கட்டைகளைக் கொடுத்து நிறுத்தினார்கள். பாலசுந்தரமும் இவரும் உரலை வெளியே இழுத்து வரப்பில் ஏற்றினார்கள். கை நழுவிக் கீழே விழுந்தது. ஒரு முழ உயரம்கூட இருக்காது. இரண்டாகப் போய்விட்டது.

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். குடித்ததில் பாதி சட்டையில்தான் போனது. எனக்கு அழுகை நிற்கவில்லை. நான்தானே கொண்டுபோய் வைத்தேன்?

21-7, புதன்

பேசிக்கொள்கிறேன் என்ற அத்தை இன்னும் பேசவில்லை. சோறு மட்டும் எனக்கு முதலில் போட்டார்.

8-8, ஞாயிறு

அரியலூரிலிருந்து ரயில் பாதையில் கழித்துப்போட்ட கட்டைகள் வந்திருக்கின்றன. இன்று மறுபடி சக்கரம் கழற்றும் வேலை. மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அணை கொடுத்தார். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகலமாக அடுக்கினார். ஜாக்கியைத் தளர்த்தி வண்டியை அதன் மேல் இறக்கினார். உள்ளே போகாமல் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தெரசா, வந்து தள்ளிப் பாரு."

தோளைக் கொடுத்துத் தள்ளினேன், பகையாளியைத் தள்ளுகிற மாதிரி. அசையவில்லை.

"போதுமா?" என்றார்.

இல்லை என்றேன். அந்தப் பக்கம் போய் மறுபடி தள்ளினேன். மூன்றாவது முறையும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போகச் சொன்னேன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.