வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தோற்ற ஆட்டம்

அஸ்தினாபுரம்,
20.1.2008, ஞாயிறு.

அன்புள்ள ரங்காவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். உன் பெட்டி புதன்கிழமையே பத்திரமாக வந்துவிட்டது. கூரியர்காரர் நாலு இடத்தில் கையெழுத்து கேட்டார். இதென்ன பத்திரப் பதிவா என்று உன் அப்பா அவரிடம் சண்டைக்குப் போனார். மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம்.

போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து காதை நீட்டுகிறார். நீயும் பார்த்ததை மறைக்காமல் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அதனால் கடிதமே எழுதுகிறேன்.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். உங்கள் கம்பெனியின் ஃபுட்பால் விளையாட்டை இதுவரை எல்லோரும் கட்டைவிரலால் பட்டன் அமுக்கி ஆடினார்கள். நீ அதைக் கையை வீசி ஆடும்படி மாற்றியிருக்கிறாய். ரிமோட்டை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம் நம் ஆள் ஓடுவான். கையை வீசினால் உதைப்பான். டி.வி. மேல் வைக்கிற கறுப்புப் பட்டையின் இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ரிமோட் திசை கண்டுபிடிக்கிறது.

உன் மேனேஜருக்கு இதில் நம்பிக்கை இல்லை. வீடியோ கேமைத் தொட்டே பார்க்காத பத்துப் பேரில் ஏழு பேர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பத்து நிமிஷத்துக்குள் ஒரு கோல் போட வேண்டும் என்கிறார். போட்டால் உன் வேலை இன்னும் இரண்டு வருஷம் நீளும். போடாவிட்டால் உன் குழுவைக் கலைத்துவிடுவார்கள், நீ மார்ச்சில் ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பத்துப் பேரும் எங்கள் தெருவிலேயே கிடைப்பார்கள் என்று நீயும் மார்தட்டிவிட்டு வந்திருக்கிறாய். ஏண்டா, ஸ்காட்லாந்தில் ஆளே இல்லையா?

உன் அப்பாவிடம் சொன்னேன். திரும்பி வந்தால் வரட்டுமே, இங்கே அவனுக்குச் சோறு இல்லையா என்றார். அந்தக் கருவியைத் தன் கையால் தொட மாட்டாராம். டெலிபோன் ஆபீசிலிருந்து ரிடையர் ஆனதிலிருந்து பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி டெண்டர் விளம்பரம் வரை படிக்கிறார். இப்போது அந்தப் பேப்பரைக் கோட்டைச் சுவர் மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்.

தை வெள்ளிக்கு நம் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் பெண்கள் வருவார்கள் இல்லையா, அதையே பரீட்சை நாளாக வைத்தேன். எதிர் வீட்டு அம்மாவும் அவர் மருமகளும் ஆடினார்கள். இரண்டு பேரும் கோல் போடவில்லை. அவர்களுடைய ஆட்கள் பந்தை விட்டுவிட்டு இடது மூலைக்கு ஓடிப்போய்க் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுண்டல் மட்டும் தீர்ந்துவிட்டது.

இன்று காலை பக்கத்து வீட்டுத் தோத்தாத்ரி மாமா வந்தார். எழுபத்திரண்டு வயது, பேங்க்கில் இருந்தவர். ரிமோட்டை நீட்டினார், வீசினார், நாலாவது நிமிஷம் கோல். கத்திய கத்தலில் மாடியில் குடியிருக்கும் ஜெயஸ்ரீ, யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடி வந்தாள். ஆக மூன்றில் ஒன்று.

இன்னொரு விஷயம். நீ அனுப்பிய இரண்டு ரிமோட்டில் ஒன்று புதிது. மற்றது நீ பழகியது போலிருக்கிறது, மணிக்கட்டில் மாட்டும் கயிறு ஓர் அளவில் இறுக்கிக் கிடந்தது. நான் மாட்டிப் பார்த்தேன், எனக்குச் சரியாக இருக்கிறது. ஐம்பத்து நாலு வயதுப் பொம்பளையின் மணிக்கட்டும் உன் மணிக்கட்டும் ஒரே அளவா? அங்கே என்னதான் சாப்பிடுகிறாய்? அதைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். பரீட்சைக்குப் புதியதைத்தான் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி தயிர் சாதமாவது சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா லோகநாயகி


அஸ்தினாபுரம்,
2.2.2008, சனி.

அன்புள்ள ரங்காவுக்கு,

ஆசீர்வாதம். போன ஞாயிற்றுக்கிழமை ஜெயஸ்ரீயும் பால் பூத் அம்மாவும் ஆடினார்கள், இரண்டு பேருக்கும் கோல். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வந்த கோடி வீட்டம்மா தோற்றுப்போனார். அவருடைய ஆளும் அதே இடது மூலைதான். வெள்ளிக்கிழமையானால் உன் பிள்ளையின் ஆட்கள் விரதமோ என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

நேற்று மூன்றாவது வெள்ளி. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் புஷ்பத்தை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் நீ வஞ்சிரத் துண்டைக் காட்டி அழுவாயே, அவள்தான். தை வெள்ளியில் நம் தெருவில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள், அதனால் கூடை இல்லாமல், தலை நிறையப் பூவோடு வெற்றிலை பாக்குக்கு வந்தாள். அவள் கையை உனக்குத் தெரியும். இரண்டு கிலோ மீனை ஒரே சுண்டில் தராசில் போடுகிற கை. இவள் போடாத கோலா என்று நினைத்தேன்.

பத்து நிமிஷமும் அவள் ஆள் மூலையிலேயே நின்றான். இன்னாமா இது, பந்து அங்க கீது, இந்தப் பேமானி இங்க நின்னுகினு கீறான் என்று அவள் திட்டியதை உன் மேனேஜருக்கு மொழிபெயர்க்காதே. நேரம் முடிந்தது. நான் மதிப்பெண் தாளில் நாலாவது சுழியைப் போட்டேன்.

நாலு பேர் தோற்றால் கணக்கு முடிந்தது. மிச்சம் எல்லோரும் ஜெயித்தாலும் ஆறுதான். நீ மார்ச்சில் வந்துவிடுவாய்.

ரங்கா, உன்னிடம் மறைக்கவில்லை. அந்தச் சுழியைப் போட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. மூன்று வருஷமாக உன் முகத்தைப் போட்டோவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். குரோம்பேட்டைக்குப் போய் உன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார் மனுஷன்.

அவர் போயிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. புஷ்பத்துக்குத் தோற்க மனசு வரவில்லை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு டி.வி.யையே முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். எம்மா, இவன் பந்துக்கு ஓடலமா, உன் வெளக்குக்கு ஓடுறான், எங்க ஆளுங்க படகுல பெட்ரோமாக்ஸ் காட்டினா மீனு வருமே, அத்த மாதிரி வர்றாம்மா.

திரும்பிப் பார்த்தேன். டி.வி.க்கு இடது பக்கம் பூஜை அலமாரி. அதன் கீழே வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் ஏற்றுகிற இரண்டு குத்துவிளக்கு, ஐந்து முகமும் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. புடவைத் தலைப்பால் விளக்கை மறைத்துக்கொண்டு புஷ்பத்தை ஆடச் சொன்னேன். இரண்டாவது நிமிஷம் கோல். தலைப்பை எடுத்தேன், ஆள் மூலைக்கு ஓடினான். மறைத்தேன், திரும்பி வந்தான். உன் பட்டையின் வெளிச்சம் எது, என் விளக்கின் வெளிச்சம் எது என்று அந்த ரிமோட்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஜெயித்ததும் இதனால்தான்.

உன் அப்பா மெத்தையோடு உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இதை அவனுக்கு எழுதியே ஆக வேண்டுமா லோகா என்று மெதுவாகக் கேட்டார். அதட்டியிருந்தால் பதிலுக்கு நானும் அதட்டியிருப்பேன். மெதுவாகக் கேட்டதுதான் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்குப் பேப்பர் திருத்துகிறேன். யாருக்கும் ஒரு மார்க் கூட்டியதில்லை, யாருக்கும் குறைத்ததும் இல்லை. என் பிள்ளைக்கா முதன்முதலில் குறைப்பேன்? கேள்வித்தாள் தப்பாக அச்சாகிவிட்டால் பிள்ளைகளை ஃபெயில் போடக்கூடாது. அதனால் வெள்ளிக்கிழமைச் சுழிகள் நாலையும் அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜெயித்த மூன்று பேரோடு இன்னும் ஏழு புது ஆட்களைப் பிடிக்கிறேன்.

அப்பா நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. காப்பி மட்டும் கேட்கிறார். நீ கவலைப்படாதே.

இப்படிக்கு,
அம்மா


அஸ்தினாபுரம்,
10.2.2008, ஞாயிறு.

என் கண்ணே ரங்கா,

இந்தக் கடிதத்தோடு மதிப்பெண் தாளும் வருகிறது. முதலில் அதைப் பார்த்துவிடாதே, நான் சொல்வதைக் கேள்.

போன ஞாயிறு எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கோல் போட்டார்கள். தமிழம்மா மட்டும் தன் கோலிலேயே உதைத்துக்கொண்டார், அதைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டு போய்விட்டார். புதன்கிழமை இஸ்திரி போடுகிறவர் ஜெயித்தார், அவர் மனைவி தோற்றார். ஆக எட்டில் ஆறு.

நேற்று சாயங்காலம் கடைசி இரண்டு பேர். தையல்காரர் நேரத்துக்கு வந்தார். எங்கள் டிராயிங் மாஸ்டர் யேசுதாசன் காய்ச்சல் என்று போன் பண்ணிவிட்டார். சரி, ஒருவரையாவது முடிப்போம் என்று தையல்காரரிடம் ரிமோட்டைக் கொடுத்தேன். கயிற்றை மாட்டிக்கொள்ளாமல் ஓங்கி ஒரு வீசு வீசினார். ரிமோட் கையை விட்டுப் பறந்து பட்டையை அடித்தது. இரண்டும் தரையில் விழுந்தன. பட்டை இரண்டாக உடைந்தது, ரிமோட்டுக்கு உயிரே இல்லை. தையல்காரர் பாவம், துணியாக இருந்தால் ஒட்டுப் போட்டுவிடுவேனே டீச்சர் என்று நின்றார்.

கோல் விழாததால் தையல்காரரையும் தோல்வியில்தான் சேர்த்தேன். ஆறு ஜெயம், மூன்று தோல்வி, மிச்சம் ஒருவர். திங்கட்கிழமை கூரியரில் போட்டால்தான் நீ சொன்ன தேதிக்குள் தாள் அங்கே வரும். பட்டை இல்லை, ரிமோட் இல்லை, ஆளும் இல்லை. தெருவே என் ஹாலில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கைப் பட்டை என்று நினைத்து ஓடினவன்தானே இவன்! அப்படியானால் விளக்கையே பட்டையாக வைத்தால் என்ன? டி.வி. மேல் எவர்சில்வர் தட்டை வைத்து, உடைந்த பட்டையின் நீளத்துக்கு அளந்து இரண்டு அகல் விளக்கை ஏற்றினேன். பூஜை அலமாரியிலிருந்து உன் ரிமோட்டை எடுத்து நீட்டினேன். நான் காட்டிய பக்கமெல்லாம் உன் ஆள் சமர்த்தாக ஓடினான். தோத்தாத்ரி மாமா எழுந்து நின்று கைதட்டினார். புஷ்பம் வாயில் விரலை வைத்து விசில் அடித்தாள்.

ஆள்? அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பேப்பர் பக்கம் திரும்பினார்கள். சூர்யநாராயணன் சார், நீர் ஒருத்தர்தான் பாக்கி என்றார் மாமா.

அவர் எழுந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. எழுந்தார். ரிமோட்டை வாங்கினார். தையல்காரர் செய்த கூத்தைப் பார்த்தவர் இல்லையா, முதலில் கயிற்றைக் கையில் மாட்டப் பார்த்தார். அது விரல் முட்டியோடு நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை. கயிற்றைத் தளர்த்தித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். வேண்டாம், அவன் அளவு அப்படியே இருக்கட்டும் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? தன் ஆளை மைதானத்தில் வாக்கிங் கூட்டிக்கொண்டு போனார். பந்து இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம் போனார். எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே தோற்கிறார். யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம், நானே எப்படி மீறுவது? கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம். ஏழு. புஷ்பம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு துடித்தாள். மனுஷன் தோற்கட்டும் என்று ஒரு மனசு, பாவி உதையேன் என்று இன்னொரு மனசு.

எட்டாவது நிமிஷம் எதிராளி தன் கோலுக்கு முன்னாலிருந்து வெளியே உதைத்த பந்து தன் கம்பத்திலேயே பட்டு உருண்டு நேராக அவர் ஆளின் காலடியில் வந்து நின்றது. முன்னால் ஒருவரும் இல்லை. கோல் கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்கிறான். உன் அப்பா என்னைப் பார்த்தார். கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார். வீசினார் பார், வேட்டி அவிழாதது தெய்வச் செயல்! கோல்!

மாடி, பக்கத்து வீடு, தெரு எல்லாம் ஒரே கூச்சல். போட்டியேண்ணே, போட்டியே என்று புஷ்பம் குதித்த குதியில் ஓர் அகல் அணைந்தேபோனது. தையல்காரர் அழுதுவிட்டார். உன் அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடினார், அறுபது வயதில்! ஓடி முடித்துவிட்டுத்தான் அவருக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நான் என்னடி செய்வேன், பந்து காலில் வந்து விழுந்துவிட்டதே என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

தாளில் ஏழு என்று எழுதியிருக்கிறேன். பட்டை உடைந்ததால் கடைசி ஆட்டம் அகல் விளக்கில் நடந்தது என்றும் குறிப்பு எழுதியிருக்கிறேன். உன் மேனேஜர் நம்பாவிட்டால் அவரையே இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி ஆடிப் பார்க்கச் சொல். நேர்மையாக ஜெயித்த ஏழு, ரங்கா. தலை நிமிர்ந்து கொண்டுபோய்க் கொடு. நீ கண்டுபிடித்தது எழுபத்திரண்டு வயதுக் கிழவரையும் மீன்காரியையும் இஸ்திரிக்காரரையும் ஒரே ஹாலில் குதிக்க வைத்தது. எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

இன்று காலை ஆறு மணிக்கே உன் அப்பா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்கிறார், தோத்தாத்ரி மாமாவோடு மறு ஆட்டமாம். என்னோடு நன்றாகப் பேசுகிறார். மெத்தையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதே, இருக்கட்டும் என்றார்.

நீ நன்றாக இரு. இரண்டு வருஷமும் நல்ல பெயர் எடு. நடுவில் லீவு கிடைத்தால், அடுத்த தைக்கு என்று சொல்லவில்லை, எப்போது கிடைத்தாலும் சரி, வந்துவிட்டுப் போ. உன் ரிமோட்டின் கயிற்றை நாங்கள் யாரும் தளர்த்தவில்லை. நீ வந்து மாட்டும்போது அது உனக்கு இறுக வேண்டும். அதற்குத் தகுந்தாற்போல் சாப்பிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா